குவார்ட்டர்ஸில் குடியிருந்த அபிப்பிராயங்கள்

தில்லி லக்ஷ்மிபாய் நகர் ஒரு சர்க்கார் குடியிருப்பு. ஐஎன்ஏ மார்க்கெட், சரோஜினி நகர், கித்வாய் நகர் எல்லாம் அக்கம்பக்கம். வீடு சம்பள நிலையைப் பார்த்து ஒதுக்கப்படும். மாற்றலானாலோ ஓய்வு பெற்றாலோ சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மத்திய அரசு வேலை கிடைத்துத் தலைநகருக்கு ரயிலேறிய தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படிப்பட்ட குவார்ட்டர்ஸ்களில்தான் வாழ்ந்தார்கள். 1923-ல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கே இருப்பது அதற்குச் சாட்சி. நாளிதழை வரி விடாமல் படிக்கிறவர்கள், வந்த படத்தையும் வராத படத்தையும் அலசுகிறவர்கள், ஒவ்வொரு விஷயத்திலும் தீர்மானமான அபிப்பிராயம் உள்ளவர்கள். ஆனால் அந்த அபிப்பிராயங்களில் ஒரு பெரும் பகுதியை அவர்கள் அச்சில் ஏற்ற முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து வாள் எடுத்த ஜான்சி ராணியின் பெயரில் அமைந்த குடியிருப்பில் அரசாங்கத்தை எதிர்த்து ஒரு கடுதாசி எழுதினாலே விளக்கம் கேட்டு மெமோ வரலாம் என்பதைச் சரித்திரத்தின் குறும்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இது வெறும் அலுவலக பயம் அல்ல. எழுதி வைத்த சட்டம். 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகளில் ஒன்பதாம் விதி, அரசு ஊழியர் மத்திய அரசின் அல்லது மாநில அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ பாதகமாக விமர்சிக்கும் எந்தத் தகவலையும் கருத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. சொந்தப் பெயரில் மட்டுமல்ல. பெயரில்லாமலும், புனைபெயரிலும், இன்னொருவர் பெயரிலும் கூடாது. வரைவு எழுதியவர் நம் ஆட்களை நன்றாக அறிந்தவர் போலிருக்கிறது, மனைவி பெயரில் எழுதித் தப்பிக்கும் வழியையும் சேர்த்தே அடைத்துவிட்டார். ஆனால் அதே விதித் தொகுப்பு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது. முழுக்க இலக்கியம், கலை, அறிவியல் சம்பந்தப்பட்ட எழுத்துக்கு முன் அனுமதி தேவையில்லை என்று எட்டாம் விதியில் விலக்கு இருந்தது. பின்னாளில் அந்த விதி திருத்தப்பட்டு, எழுதுகிறவர் 'இது என் சொந்தக் கருத்து, அரசின் கருத்தல்ல' என்று தெளிவுபடுத்தினால் போதும் என்றானது. இன்று சமூக ஊடகங்களில் பலர் தங்கள் பெயருக்குக் கீழே 'கருத்துகள் சொந்தமானவை' என்று எழுதி வைக்கிறார்களே, அதன் சர்க்கார் வடிவம் இது.

சம்பளக்கார வர்க்கத்துக்குக் கொள்கையைப் பற்றிப் பேசும் வாசல் சாத்தியிருந்தது. கலையைப் பற்றிப் பேசும் ஜன்னல் திறந்திருந்தது. காற்று அந்த வழியாகத்தான் வந்தது. நம்மிடையே சினிமா, கச்சேரி, நாவல், கிரிக்கெட் பற்றிய அபிப்பிராயங்கள் இவ்வளவு சூடாகவும் இவ்வளவு மிகுதியாகவும் இருப்பதை 'வேலையற்ற பேச்சு' என்று ஒதுக்குவோர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. பெரும்பாலான மனிதர்களுக்குப் பொதுவெளியில் காரணம் சொல்லி வாதாடப் பழகும் இடம் அதுதான். அரசியல் பற்றித் துணிந்து பேசக் கற்பதற்கு முன், ஒரு படத்தின் இரண்டாம் பாதி ஏன் தொய்கிறது என்று பத்துப் பேர் முன்னால் நிறுவக் கற்கிறோம். ஆகவே அந்தப் பேச்சை அடைக்க நினைப்பது தவறு. அதை அலட்சியமாகச் செய்வதும் தவறு.

ஜன்னல் எவ்வளவு நன்றாகப் பயன்பட்டது என்பதற்குத் தில்லியே நல்ல சான்று. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் தில்லி நிருபராக இருந்த கஸ்தூரிரங்கன் 1965-ல் அங்கிருந்து கணையாழி என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். அதில் கடைசிப் பக்கத்தை எழுதியவர் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்று கையெழுத்திட்டார். சிவில் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எஸ். ரங்கராஜன்தான் அவர், சுஜாதா என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். பார்த்த படம், படித்த கவிதை, புதிதாக வந்த விஞ்ஞானச் செய்தி, நகரத்தின் அபத்தங்கள் என்று கைக்கு வந்ததையெல்லாம் அந்தப் பக்கம் தொட்டது. பின்னால் பெங்களூருக்குப் போய் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் சேர்ந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்த பிறகும், இடைவெளிகளோடு 1998 வரை பத்தி நீடித்தது. அவருடைய நாவல்களைக்கூட ஒரு காலத்தின் ரசனையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடைசிப் பக்கங்கள் அவ்வளவாகப் பழசாகவில்லை. 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்பதோடு அவர் நிற்பது அபூர்வம் என்பதே காரணம். எந்த வரி, எந்தக் காட்சி, எந்த எண் என்று காட்டிவிட்டுத்தான் தீர்ப்புக்கு வருவார். தீர்ப்பு நமக்கு ஒவ்வாவிட்டாலும் காட்டிய பொருள் நம் கையில் மிஞ்சும்.

இன்னும் காரமான உதாரணம் சுப்புடு. பி.வி. சுப்ரமணியம் பர்மாவிலிருந்து யுத்த காலத்தில் இந்தியாவுக்கு வந்து தில்லியில் மத்திய அரசு ஊழியராக வாழ்ந்தவர். பகலில் கோப்பு, மாலையில் கச்சேரி. ஸ்டேட்ஸ்மன் நாளிதழிலும் தமிழ் இதழ்களிலும் அவர் எழுதிய இசை, நடன விமர்சனங்களைப் படித்துவிட்டுத்தான் பல கலைஞர்கள் காலைக் காபியைக் குடிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். சென்னையில் ஓர் அரங்க வாசலில் 'நாய்களுக்கும் சுப்புடுவுக்கும் அனுமதி இல்லை' என்று எழுதி வைத்திருந்ததாகக் கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அப்படி ஒரு கதை புழங்குகிற அளவுக்கு அவர் பேனாவுக்குப் பயம் இருந்தது. அமைச்சரின் பட்ஜெட்டைப் பற்றி அவரால் ஒரு வரி எழுதியிருக்க முடியாது. ஆனால் யாருடைய தோடியில் காந்தாரம் நழுவியது என்று எழுத எந்த மேலதிகாரியின் கையெழுத்தும் தேவைப்படவில்லை. அவருடைய கிண்டல் சில சமயம் எல்லை தாண்டியது, உருவத்தையும் வயதையும் தொட்டது என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. எனினும் அவர் ஆர்மோனியத்தில் கை வைத்தவர், ஸ்வரம் தெரிந்தவர். திட்டு வாங்கியவர்களும் அவருடைய காதைக் குறை சொன்னதில்லை.

அரசு ஊழியரின் பேச்சுக்குப் பரிந்து பேசினால் எழும் முதல் கேள்வி நியாயமானது. அரசு ஊழியர் நடுநிலையாகத் தோன்ற வேண்டாமா? ரேஷன் அட்டைக்குக் கையெழுத்திடுகிறவர் முந்தின நாள் இரவு ஒரு கட்சியைக் கிழித்து எழுதியிருந்தால் அந்தக் கட்சிக்காரர் அவரிடம் நம்பிக்கையோடு போய் நிற்பாரா? வாய்ப்பூட்டு முழுக்கவும் அக்கிரமம் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றங்களும் ஒரு நடுவழியைத்தான் தேடியிருக்கின்றன. காமேஷ்வர் பிரசாத் வழக்கில் 1962-ல் உச்ச நீதிமன்றம், வேலையில் சேர்ந்ததால் ஒருவர் தன் அடிப்படை உரிமைகளை வாசலில் கழற்றி வைத்துவிடுவதில்லை என்ற நிலையை எடுத்தது. 2020-ல் திரிபுரா உயர் நீதிமன்றம், முகநூல் பதிவுக்காக நடவடிக்கைக்கு உள்ளான ஓர் ஊழியரின் வழக்கில், விதிகளின் எல்லைக்குள் அரசு ஊழியருக்கும் பேச்சுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் காற்று வீசும் திசை வேறு. ஜம்மு காஷ்மீர் 2023-லும் மகாராஷ்டிரம் 2025-லும் ஊழியர்களின் சமூக ஊடகப் பயன்பாட்டுக்குப் புதிய கட்டுப்பாடுகளை விதித்தன. தனியார் நிறுவனங்களும் வேலைக்குச் சேர்கிறவர்களிடம் இதே மாதிரியான சமூக ஊடகக் கொள்கைகளில் கையெழுத்து வாங்குகின்றன. ஒரு காலத்தில் குவார்ட்டர்ஸ்வாசிகளுக்கு மட்டும் இருந்த கட்டு இப்போது சோழிங்கநல்லூர் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டது. கலை என்ற ஜன்னலின் மதிப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், தமிழ்ச் சூழலில் 'முழுக்கக் கலை' என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. 1952-ல் பராசக்தி வந்த நாளிலிருந்து திரை இங்கே மேடையாகவும் இருக்கிறது. அந்தப் படத்துக்கு வசனம் எழுதியவர் பின்னால் ஐந்து முறை முதலமைச்சரானார். 2017 தீபாவளிக்கு வந்த மெர்சலை எடுத்துக்கொள்வோம். அதில் விஜய் பேசும் ஜிஎஸ்டி வசனம், சிங்கப்பூரின் வரியையும் அங்கே கிடைக்கும் மருத்துவத்தையும் நம் நிலைமையோடு ஒப்பிட்டது. பாரதிய ஜனதா தலைவர்கள் அந்தப் பகுதியை நீக்கச் சொன்னார்கள். படத்துக்குத் தடை கோரிய மனுவை சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இப்போது லக்ஷ்மிபாய் நகர்க்காரர் ஒருவர் 'அந்த வசனம் அருமை' என்று எழுதினால் அது எட்டாம் விதியின் ஜன்னலா, ஒன்பதாம் விதியின் கதவா? படத்தைப் பற்றிச் சொன்னால் கலை. வரியைப் பற்றிச் சொன்னால் கொள்கை. ஒரே வாக்கியம் இரண்டையும் சொல்கிறது. வசனத்தைப் பேசிய நடிகரோ 2024-ல் கட்சியே தொடங்கிவிட்டார். இனி அவருடைய பழைய படத்தின் ஒரு பாட்டைப் பிடிக்கும் என்று சொல்வதற்கும் அரசியல் வாசனை ஏறும்.

இந்தக் குழப்பத்தைக் காட்டி, 'பார், சினிமாப் பேச்சே அரசியலைக் கெடுக்கிறது' என்பவர்கள் உண்டு. ரசிகர் மன்றத்தின் மொழி வாக்குச்சாவடிக்குள் நுழைந்துவிட்டது, எதிர்க்கருத்து சொன்னவரை வசைபாடும் பழக்கம் அங்கிருந்துதான் வந்தது என்பது இவர்கள் வாதம். பாதி சரி. வசை அங்கே வளர்ந்தது உண்மை. ஆனால் வசைக்கு மாற்றான ஒழுங்கும் அதே இடத்தில்தான் வளர்ந்தது. 1930-களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி ஆடல், பாடல்களை விமர்சித்தபோது, சாதாரண வாசகனுக்கு ஓர் அரங்கேற்றத்தை மரியாதையோடு மறுக்கும் நடை கிடைத்தது. பதினாறு வயதினிலே படத்துக்கு விகடன் விமர்சனக் குழு போட்ட 62.5 மதிப்பெண்ணைப் பற்றி ஐம்பது வருஷம் ஆகப்போகும் இன்றும் மக்கள் சண்டை போடுகிறார்கள். அந்த அரை மதிப்பெண் எதற்கு என்று கேட்கிற சமூகம், காரணம் கேட்கப் பழகிய சமூகம்தான்.

காரணம் சொல்வது என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் துல்லியமான விளக்கம் ஒரு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. மெக்காலேயின் கைபட்ட 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் அவதூறு பற்றிய 499-ஆம் பிரிவுக்கு விதிவிலக்குகள் பல. அவற்றில் ஆறாவது, படைப்பாளி பொதுமக்களின் தீர்ப்புக்கு முன்வைத்த ஒன்றைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து அவதூறாகாது என்கிறது. புத்தகம் வெளியிடுகிறவர், மேடையில் பேசுகிறவர், பொது அரங்கில் நடிப்பவர், பாடுபவர் எல்லோரும் அப்படித் தங்களைத் தீர்ப்புக்கு ஒப்புக்கொடுத்தவர்களே என்று விளக்கக் குறிப்பும் உண்டு. அதற்கடுத்து வரும் எடுத்துக்காட்டுகள்தான் சுவையானவை. ஒருவரின் புத்தகத்தைப் படித்துவிட்டு, இது முட்டாள்தனமான புத்தகம், எழுதியவர் மனவலிமை இல்லாதவராக இருக்க வேண்டும் என்று சொன்னால் விதிவிலக்கு காக்கும். ஏனென்றால் ஆளைப் பற்றிய முடிவு புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதையே திருப்பிப் போட்டு, அந்த ஆள் ஒழுக்கம் கெட்டவர், அதனால் புத்தகம் இப்படி இருப்பதில் எனக்கு வியப்பில்லை என்றால் காக்காது. அங்கே தீர்ப்புக்கு ஆதாரம் புத்தகம் அல்ல. 2024 ஜூலை முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்த விதிவிலக்கு தொடர்கிறது. இன்றைய இணையச் சண்டைகளில் பத்துக்கு எட்டை இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கொண்டே தீர்த்துவிடலாம். நடிகரின் திருமணம், இயக்குநரின் சாதி, நடிகையின் எடை ஆகியவற்றிலிருந்து படத்துக்கு வருகிற கருத்து தலைகீழாக நடக்கிறது. படத்திலிருந்து புறப்பட்டு எவ்வளவு கடுமையாகப் போனாலும் அது நேராக நடக்கிறது.

இப்போது தயாரிப்பாளர்களின் முறையீட்டுக்கு வருவோம். 2024 தமிழ்ப் பெரும்படங்களுக்குச் சங்கடமான ஆண்டு. ஜூலையில் இந்தியன் 2, நவம்பரில் கங்குவா. முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களின் வாயருகே மைக்கை நீட்டும் யூடியூப் சேனல்களால்தான் வசூல் விழுகிறது என்று சொல்லி, தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனங்களுக்குத் தடை வேண்டும் என்பது கோரிக்கை. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. எதிர்மறை விமர்சனமும் கருத்துச் சுதந்திரத்தில் அடக்கம் என்றது. கேரளத்தில் இதற்கு ஒரு வருஷம் முன்பே இதே பிரச்சினை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 48 மணி நேரம் பொறுத்திருக்கலாம் என்று பரிந்துரைத்தார்.

கோரிக்கையை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நூற்றுக்கணக்கான கோடி முதலீடு, நூற்றுக்கணக்கான தொழிலாளர்களின் கூலி, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் வசூலை நம்பி நிற்கிற வியாபாரம். படத்தை முழுக்கப் பார்க்காமலே முடிவு சொல்கிற சிலரும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நடந்ததைப் பாருங்கள். கங்குவாவின் முதல் காட்சிக்கே போனவர்கள் சொன்ன முக்கியமான குறை, காதைப் பிளக்கிற சத்தம். தயாரிப்புத் தரப்பே தியேட்டர்களிடம் ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னது; பிறகு படத்தின் நீளமும் குறைக்கப்பட்டது. படத்தை ஆதரித்து இன்ஸ்டாகிராமில் எழுதிய நடிகை ஜோதிகாவும் முதல் அரை மணி நேரம் சரியில்லை, ஒலி உறுத்துகிறது என்று ஒப்புக்கொண்டார். இந்தியன் 2-ம் வெளியான சில நாட்களில் சுமார் 12 நிமிடம் வெட்டப்பட்டது. மூன்று நாள் வாய்ப்பூட்டு இருந்திருந்தால் நான்காவது நாளும் அதே சத்தத்தில், அதே நீளத்தில்தான் படம் ஓடியிருக்கும். ஒலி அதிகம் என்ற கருத்து படத்திலிருந்து புறப்பட்டது, காதால் சோதிக்கத்தக்கது, கேட்டவர்களுக்குத் திருத்த வழியும் தந்தது. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர் இலவசமாகச் செய்த உதவி அது.

காசு வாங்கிக்கொண்டு திட்டுகிறவர்கள் இருக்கிறார்களே என்பது கடைசி ஆட்சேபம். இது எனக்கும் உடன்பாடானது. விலைக்கு வாங்கிய கருத்து கருத்தல்ல, விளம்பரம். அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022-ல் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் நெறிமுறைகள் வந்தன. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, சமூக ஊடகப் பிரபலங்கள் பணமோ பொருளோ வேறு ஆதாயமோ பெற்று ஒன்றைப் பரிந்துரைத்தால் அதை எளிதில் கண்ணில் படும்படி அறிவிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பத் திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. ஆகவே பணம் வாங்கிய விமர்சனம்தான் நோய் என்றால், சங்கம் கேட்டிருக்க வேண்டிய மருந்து பணம் கைமாறியதை எல்லோரும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதே. அந்த மருந்து இரு பக்கமும் வேலை செய்யும் என்பதுதான் சங்கடம். படம் வருவதற்கு முந்தின இரவே 'தெறி மாஸ்' என்று பதிவிடும் கணக்குகள், வரவு செலவு தெரியாத வசூல் சுவரொட்டிகள், வெளியான இரண்டாம் நாளே மாலை போட்டுக் கேக் வெட்டும் வெற்றி விழாக்கள் எல்லாம் அப்போது ரசீதோடு வர வேண்டியிருக்கும். நீதிமன்றத்தில் மூன்று நாள் தடை கேட்டது விமர்சனத்துக்குத்தான். அந்த மூன்று நாளும் இவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.